துரை விட்டுப்போன நாயும் பைப்படி டின்னும்

நாய் பிடிக்குமா என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். பிடிக்காது. அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. வீடெல்லாம் மயிர் கொட்டும், மழை பெய்தால் நாறும், வாசலை அடைத்துக்கொண்டு படுத்துக் கிடக்கும், தாண்டித் தாண்டிப் போக வேண்டும். அப்படியிருந்தும் ஒரு நாய்க்காக நான் சொந்தக் கொழுந்தனோடு மல்லுக்கு நின்றேன். பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாளில் எனக்கு எதன்மேலும் பாசம் இல்லை. கோபம்கூட ஒழுங்காக வராமல் பாதியில் நின்றுபோகும்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேச்சாக இருந்த நேரம் அது. காப்பிக்கடை ரேடியோவைத் திறந்தால் அதுதான், பசாருக்குப் போனால் அதுதான். துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். மேஜை நாற்காலியை ஏலம் விட்டார்கள், பீங்கானைப் பெட்டி கட்டினார்கள், எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தார்கள். நாயை என்ன செய்வது என்று மட்டும் யாரும் முன்கூட்டி யோசித்த மாதிரி தெரியவில்லை. கடைசி நாளில் சமையல்காரன் கையிலோ டிரைவர் கையிலோ சங்கிலியைக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்கள். துரை போனால் வேலையும் போயிற்று. வேலை போனவன் வீட்டில் துரையின் நாய். என்ன அழகான ஏற்பாடு பாருங்கள்.

என் வீட்டுக்காரர் புக்கிட் பாரு பக்கத்தில் ஒரு பங்களா துரைக்கு டிரைவர். எங்கள் பங்குக்கு வந்தது செம்பட்டை மயிரும் தொங்கு காதுமாகக் கன்றுக்குட்டி அளவுக்கு ஒன்று. துரை அதை ஏதோ வாயில் நுழையாத பெயரில் கூப்பிடுவாராம். என் வீட்டுக்காரர் 'தம்பி' என்பார். "தம்பி, வாடா" என்றால் எழுந்து வரும். நான் "சனியனே, நகரு" என்பேன். அதற்கும் எழுந்து வரும்.

துரை போனபிறகு அவர் ஒரு சீன முதலாளித் தவுக்கேயின் லோரியை ஓட்டினார். பொழுது சாய வீட்டுக்கு வந்து நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போவார், விளக்கேற்றுகிற நேரத்துக்குத் திரும்புவார். "அதுக்கு நான் என்ன வைக்கட்டும்?" என்று ஆரம்பத்தில் கேட்டேன். "நீ ஒண்ணும் வைக்க வேணாம். அத நான் வெளியில பாத்துக்கறேன்" என்றார். நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன். ஒரு வேலை குறைந்தால் எந்தப் பொம்பளை கேள்வி கேட்பாள்?

ஒரு நாள் மத்தியானம் லோரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. செய்தி சொல்ல வந்தவன் பேசப் பேச நான் அவன் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. வரவில்லை. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த பொம்பளைகள் என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். "அழுதுடும்மா, அழுதுடு, உள்ளுக்குள்ள வச்சுக்காத" என்றார்கள். உள்ளுக்குள் இருந்தால்தானே வைத்துக்கொள்வதற்கு? அதில் ஒருத்தி கிள்ளிக்கூடப் பார்த்தாள். வலித்தது, அவ்வளவுதான். தாலி கழற்றியபோதும் சரி, எடுத்துக்கொண்டு போனபோதும் சரி, எல்லாம் யார் வீட்டிலோ நடப்பதாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். காதில் விழுந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

நாய்தான் எல்லோர் வாயிலும் விழுந்தது. அது வாசலில் படுத்து, முன்னங்கால்மேல் தலையை வைத்துக்கொண்டு, அவர் வருகிற வழியையே பார்த்துக்கொண்டு கிடந்தது. சோறு வைத்தேன், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பால் ஊற்றிப் பிசைந்து வைத்தேன், இரண்டு நக்கு நக்கிவிட்டு விட்டுவிட்டது. உயிர் போகாமல் இருக்கிற அளவுக்குத்தான் தின்றது. "பாரேன், வாயில்லா ஜீவன், எப்படிப் பரிதவிக்குது" என்று வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியாதா?

உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. இந்த வீட்டில் யாரோ ஒருவர் செய்ய வேண்டியதைச் செய்கிறார்கள். நான் துணி துவைத்துப் போடுகிறேன், அடுப்பைப் பற்ற வைக்கிறேன், நாய் அவருக்காக அழுகிறது. அந்த வேலையை அது பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிவிட்டேன்.

அவருக்கு ஒரே தம்பி, செமாபோக்கில் இருந்தார். ரோடு போடுகிற வேலையில் மேஸ்திரி. நல்ல மனுஷன், அதில் குறை சொல்ல முடியாது. காரியமெல்லாம் முடிந்தபிறகு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணி, இங்க தனியா இருந்து என்ன பண்ணப் போறீங்க? நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. பின்னால ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்கு."

"பாக்கலாம்" என்றேன்.

"நாய் மட்டும் வேணாம் அண்ணி. வீட்ல அவளுக்கு ஆகாது, புள்ளைங்க வேற தவழ்ந்துகிட்டிருக்கு. முனிசிபல்ல சொன்னா வந்து பிடிச்சிட்டுப் போயிடுவான்."

பிடித்துக்கொண்டு போய் என்ன செய்வான் என்பது ஊருக்கே தெரியும். சுடுகிற சத்தம் சில நாள் காலையில் எங்கள் வீடுவரை கேட்கும். வாய் திறக்கவே பாரமாக இருந்த நாட்கள். ஆனால் அவரே வாசலைப் பார்த்தார். விலா எலும்பு தெரிய நாய் படுத்திருந்தது. அவர் குரல் இறங்கிவிட்டது.

"அண்ணனுக்காகப் பட்டினி கெடக்கு. இப்ப அனுப்பினா பாவம் நம்மள சும்மா விடாது. மாரியம்மன் திருவிழா முடியட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

ஆக, அந்த நாய் உயிரோடு இருந்தது அது துக்கம் காத்ததால்தான். நானும் அதனால்தான் அந்த வீட்டில் இருந்தேன். திருவிழா முடிந்ததும் அதற்கு முனிசிபல், எனக்குப் பின்கட்டு ரூம்பு.

நான் ஒரு டோபிக் கடையில் துணி துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அதில் வருவது ஒரு வயிற்றுக்குச் சரியாக இருந்தது. நாயின் வயிற்றுக்குப் பைப்படி டின்தான்.

அந்த டின்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காஜா பேராங்கில் கோயிலை ஒட்டி மலாக்கா செட்டிகள் குடியிருந்தார்கள். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழ் வார்த்தை வரும். அதில் ஒரு அம்மாள் காலையில் பலகாரம் விற்பவள். அவளை எல்லோரும் பீபிக் என்றுதான் கூப்பிடுவோம், அந்த ஆட்களில் மூத்த பொம்பளைக்கு அதுதான் மரியாதை. அவள்தான் பொதுப் பைப்புக்குப் பக்கத்தில் இருந்த கம்பத்தில் இரண்டு மண்ணெண்ணெய் டின்னை மூடி போட்டுத் தொங்கவிட்டவள். ஒன்று பூனைக்கு, ஒன்று நாய்க்கு. மலாய்க்காரர்களும் பூனைக்கு எடுத்துப் போவார்கள், அவர்களுக்கு நாய் ஆகாது. அதனால் இரண்டும் கலக்கக் கூடாது, இரண்டுக்கும் தனித்தனிச் சிரட்டை அகப்பை.

மிச்சம் இருக்கிறவர்கள் கொண்டுவந்து போடலாம். வடித்த சோறு, வேகவைத்த மீன்தலை, கருவாட்டுத் துண்டு. கோழி எலும்பு போடக் கூடாது, காரம் கூடாது. பிராணி வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறவர்கள் பொழுது சாய வந்து அள்ளிக்கொண்டு போகலாம். யார் போட்டது, யார் எடுத்தது என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் பீபிக் பிடி பிடி என்று பிடித்துவிடுவாள். துரைகள் போக ஆரம்பித்ததும் அந்த டின்னுக்குக் கிராக்கி கூடிவிட்டது. சடை நாயும் குட்டைக்கால் நாயுமாகச் சமையல்காரர்களும் ஆயாக்களும் வரிசையில் நிற்பார்கள். நானும் நின்றேன். வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை. வெட்கப்படுவதற்கும் உள்ளே ஏதாவது ஓட வேண்டும்.

"ஏன் பீபிக், உங்களுக்கு இந்த வேலை?" என்று ஒரு நாள் எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டேன்.

"ஜப்பான்காரன் காலத்தில் என்னிடம் ஒரு நாய் இருந்தது" என்றாள். "பிள்ளைகளுக்கே மரவள்ளிக்கிழங்கு. அதற்கு எங்கே போவேன்? புக்கிட் காதில் பக்கம் கூட்டிப்போய் ரப்பர் காட்டில் விட்டுவிட்டு ஓடிவந்தேன். அது பின்னாலேயே வந்தது. கல்லால் அடித்தேன்."

அதோடு நிறுத்திக்கொண்டு டின்னைக் கழுவப் போய்விட்டாள்.

வரிசையில் பூனை டின்னுக்கு வருகிறவர்களில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் உண்டு. துரையின் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர், என் வீட்டுக்காரரின் கூட்டாளி. இப்போது அவருக்கும் வேலை இல்லை, துரையம்மாவின் பூனைகள் அவர் தலையில். நான் அவரைப் பாக்சிக் என்பேன், மலாயில் பெரியவர்களை அப்படித்தான் மாமா முறை வைத்துக் கூப்பிடுவது, அவர் என்னைத் தங்கச்சி என்பார். தினமும் என் சட்டியைப் பார்ப்பார், கூட வருகிற நாயைப் பார்ப்பார், ஏதோ சொல்ல வாயெடுப்பார், "சரி தங்கச்சி" என்று போய்விடுவார். மனுஷன் என்ன மென்று முழுங்குகிறார் என்று எரிச்சலாக இருக்கும். கேட்கத் தோன்றாது.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். அவ்வளவுதான், செட்டி வீடுகளிலும் சரி, எங்கள் தமிழ் வீடுகளிலும் சரி, மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். கவுச்சி வாடையே கூடாது. டின்னில் சாம்பார் சோறும் பூசணிக்காயும் விழுந்தன. பூனைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. என் நாய் அதுவரை மீன்தலையையாவது பொறுக்கிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை. எழுந்து நடந்தால் பின்னங்கால் ஆடியது. டின்னுக்குக் கூட்டிப்போனால் பாதியில் உட்கார்ந்துவிடும். அது சாகப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. செத்தால் கொழுந்தனுக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் கையில் இருந்த சட்டியைத் தரையில் ஓங்கி வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

திருவிழாவுக்குச் சில நாள் முன்னால் சாயங்காலம் கொழுந்தன் வந்தார்.

"அண்ணி, திருவிழா முடிஞ்ச மறுநாள் லோரி சொல்லிட்டேன். சாமானெல்லாம் கட்டி வச்சுடுங்க."

"சரி."

"முனிசிபல்லயும் சொல்லிட்டேன்."

அவர் காப்பி குடித்து முடிக்கிறவரை நான் அடுப்படியிலேயே நின்றேன். வழக்கமாக நான்தான் டின்னுக்கு முதல் ஆளாகப் போவேன். அன்றைக்கு நேரமாகிவிட்டது. சட்டியை எடுத்துக்கொண்டு நாயை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். "நானும் அந்தப் பக்கந்தான் போறேன்" என்று கொழுந்தனும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

பைப்படியில் ஒரே கூச்சல். பொம்பளைகள் குடத்தைப் பைப்பில் நிரம்ப விட்டுவிட்டுக் கம்பத்தைச் சுற்றி நின்றார்கள். நாய் டின்னின் மூடி தரையில் கிடந்தது. உள்ளே வாழையிலைப் பொட்டலம் ஒன்று பிரிந்துகிடந்தது. அதில் சிவப்பாக, பச்சையாக, மாட்டுக்கறி.

"கட்டியிருக்கிற காப்பு என்னாகிறது! அம்மன் ஊர்வலம் இந்த வழியாத்தானே வரும்!" என்று ஒருத்தி அலறினாள். "எவன் வேலை இது?" என்றார் ஒரு ஆள். "டின்னையே தூக்கி எறிங்க, அப்பவே சொன்னேன், எச்சிச் சோத்த ரோட்டுல வச்சா இப்படித்தான் வந்து விடியும்னு." பீபிக் மஞ்சள் புடவையில், கையில் காப்புக் கயிறோடு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எல்லோருக்கும் சத்தம் போடத் தெரிந்தது, அதை எடுத்து அப்புறப்படுத்த ஒருவர் கையும் நீளவில்லை. எப்படி நீளும்? எல்லோரும் காப்புக் கட்டினவர்கள்.

கூட்டத்துக்கு வெளியே பாக்சிக் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்துப்போய்க் கிடந்தது. "நான்தான் போட்டேன்" என்றார் மலாயில். "நாய் டின்தானே. நாய்க்குத்தானே. தங்கச்சி முதலில் வருவாள், எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன்." ஆட்கள் அவர் பக்கம் திரும்பினார்கள்.

அந்த நேரத்தில் என் கையில் இருந்த சங்கிலி வெடுக்கென்று இழுபட்டது. பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிற நாய் எழுந்து நிற்கிறது. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. பிறகு என்னைத் தரதரவென்று டின்னுக்கு இழுத்துப் போனது. நான் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. வாலை ஆட்டுகிறது, முனகுகிறது, எச்சில் வடிக்கிறது.

அப்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இங்கே கூடியிருக்கிற பொம்பளைகளில் காப்புக் கட்டாதவள் நான் ஒருத்திதான். சாவு விழுந்த வீடு, ஒரு வருஷத்துக்குக் கோயில் படி மிதிக்கக் கூடாது, திருநீறுகூட யாரும் கொடுக்க மாட்டார்கள். தீட்டுக்காரி. அம்மனுக்கு ஆகாதவள் கை மாட்டுக்கறியில் பட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

"நகருங்க" என்றேன்.

"அண்ணி!" என்றார் கொழுந்தன் பின்னாலிருந்து.

"நகருங்கன்னா."

டின்னுக்குள் கையை விட்டு எடுத்தேன். சில்லென்று வழுக்கியது. பிறந்ததிலிருந்து தொடாத பொருள். குமட்டும் என்று நினைத்தேன், குமட்டவில்லை. இலையோடு அள்ளிக்கொண்டு, சாக்கடை தாண்டிப் பாக்சிக் வீட்டு வேலி ஓரம் போய்த் தரையில் வைத்தேன். நாய் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது. தின்னவில்லை.

"கையால் ஊட்ட வேண்டும், தங்கச்சி" என்றார் பாக்சிக். அவர் நாய் தொடாத தூரத்தில் நின்றார். "உன் வீட்டுக்காரர் கையால்தான் கொடுப்பார். துரை வீட்டிலிருந்தே அப்படித்தான் பழக்கம். நாங்கள் தொழுகிற சுராவுக்குப் பின்னால் என் கிணற்றடிக்குத் தினமும் கூட்டிவருவார். கறியை நான் வெட்டி இலையில் வைப்பேன், அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டுவார். அப்புறம் என் கிணற்றில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். செத்தவருக்குக் கொடுத்த வாக்கு, எப்படி மீறுவது? இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டு இருந்தேன். இனிமேல் முடியவில்லை."

நான் ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். நாய் வாங்கியது. இன்னொன்று. மென்றுகூடப் பார்க்கவில்லை, அப்படியே விழுங்கியது. என் விரலையெல்லாம் நக்கியது. முடிந்ததும் இலையை நக்கியது, இலை ஒட்டியிருந்த மண்ணை நக்கியது. அவ்வளவு சந்தோஷம் அதற்கு. துக்கத்தின் சாயல்கூட அந்த முகத்தில் இல்லை.

அங்கே குந்தியிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இது அவருக்காகப் பட்டினி கிடக்கவில்லை. கறி கிடைக்காமல் கிடந்திருக்கிறது. ஊர் முழுக்க வந்து பார்த்து மூக்கைச் சிந்தியதெல்லாம் ஒரு நாயின் நாக்கு ருசிக்கு. நானும் அதை நம்பி, அழுகிற பொறுப்பை அதன் தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் அந்த மனுஷனுக்காக எங்கள் வீட்டில் யார் அழுதார்கள்? யாரும் இல்லை. ஒருத்தரும் இல்லை.

அவர்மேல் கோபம் வந்தது, செத்துப்போனவர்மேல். எங்கிட்டச் சொல்லியிருந்தா என்ன, கடிச்சா தின்னுடுவேன்? ரெண்டு திட்டு திட்டியிருப்பேன், அப்புறம் நானே ஒரு சட்டியை ஒதுக்கிக் கொடுத்திருப்பேன். தலை ஈரமாக வருவாரே, "என்ன இந்நேரத்துக்குக் குளியல்?" என்றால் "புழுக்கம்" என்பாரே. அந்தக் கோபம் பாதியில் நிற்கவில்லை. முழுசாக வந்தது.

கையைச் சாம்பல் போட்டுக் கழுவிவிட்டுத் திரும்பினேன். பீபிக் மஞ்சள் தண்ணீர் தெளித்து டின்னைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆட்களுக்கு முன்னால் அதை என்னிடம் நீட்டினாள்.

"இது இனிமேல் பைப்படியில் வேண்டாம். நீ கொண்டுபோய் உன் வீட்டுப் பின்பக்கம் மாட்டு. நாய்க்காரர்கள் அங்கே வரட்டும். உன் வீட்டுக்குள் நீ எதைத் தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன, யார் கேட்பது?" பிறகு பாக்சிக்கைப் பார்த்து, "நீ போட்டதில் தப்பில்லை, போட்ட நாள்தான் தப்பு. இனிமேல் அந்தப் பொட்டலத்தை உன் வேலியில் மாட்டு, அவள் வந்து எடுத்துக்கொள்வாள்" என்றாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது.

டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கொழுந்தன் செமாபோக் போகாமல் என் பின்னாலேயே வந்தார். வாசலில் சைக்கிளைச் சாத்தினார், உள்ளே வரவில்லை. நாய் அவரைத் தாண்டிப் போய் வழக்கமான இடத்தில் படுத்து, வயிறு நிறைந்த சுகத்தில் குறட்டை விட ஆரம்பித்தது.

"பாத்தீங்களா அண்ணி" என்றார். "அண்ணனுக்காக ஒண்ணும் கெடக்கல. மாட்டுக்கறிக்குக் கெடந்திருக்கு. இத்தன நாளு இத நெனச்சு நெனச்சு நான் ராத்திரியெல்லாம்... வீட்ல புள்ளைங்ககிட்டகூடச் சொல்லியிருக்கேன், பெரியப்பாவுக்காக ஒரு நாய் சாப்பிடாம கெடக்குன்னு. இதுக்குப் போயா பாவம் பாத்தோம்? திருவிழா வரைக்கும் எதுக்கு? நாளைக்கே வரச் சொல்றேன்."

"வேணாம்."

"ஏன் அண்ணி?"

"பசிச்சிருக்கு, தின்னிருக்கு. அதுக்கு என்ன தண்டனை?"

"நன்றி கெட்டது அண்ணி இது! அவரு கையால தின்னுட்டு, அவரு செத்ததுகூட உறைக்காம..."

"தம்பி" என்றேன். நான் அவரை அப்படிக் கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. "உங்கண்ணன எடுத்த அன்னைக்கு, நீங்கல்லாம் போனப்புறம், நான் என்ன பண்ணேன் தெரியுமா? அடுப்படியில பக்கத்து வீட்டுக்காரங்க குண்டான்ல சோறு வச்சிட்டுப் போயிருந்தாங்க. ரசமும் அப்பளமும். நான் கதவச் சாத்திட்டு, தரையில உக்காந்து, அந்தக் குண்டானக் காலி பண்ணேன். எனக்கு அவ்வளவு பசி. அப்பளத்த நொறுக்கி நொறுக்கித் தின்னேன். நல்லா இருந்துச்சு. அவரு போன அன்னைக்கு எனக்குச் சோறு நல்லா இருந்துச்சு, தம்பி. முனிசிபல்காரன வரச் சொல்றதா இருந்தா என்னையும் சேத்துப் பிடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

அவர் வாசல்படியில் உட்கார்ந்தார்.

"நானும்தான் அண்ணி" என்றார். "சுடுகாட்டுலருந்து வர்ற வழியில. கடையில. யாருக்கும் தெரியாம. பரோட்டா." அதற்குமேல் பேச முடியாமல் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆள், முதுகு குலுங்கக் குலுங்க, சத்தமாக அழுதார். அண்ணா, அண்ணா என்று அழுதார்.

எனக்கு அப்போதும் வரவில்லை. ஆனால் ஒரு மனுஷன் என் வாசலில் உட்கார்ந்து அவருக்காக அழுவது காதில் கேட்டது. கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போய் உலைக்கு இன்னொரு பிடி அரிசி போட்டேன். சோறு வெந்ததும் தட்டில் போட்டு எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"சாப்பிடுங்க" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார். நானும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். லோரியைப் பற்றியோ முனிசிபலைப் பற்றியோ அவர் அதற்கப்புறம் பேசவே இல்லை.